ஒன்பதாம் வாரம்

நிமிடத்துக்கு நாற்பது ரூபாய்.
புதுவயல் அரிசி ஆலைக்கு எதிர்மாடியில்
ஜன்னலைச் சாத்தி
மடிக்கணினித் திரையில் படிந்த தவிட்டுத் தூசை
ஈரத்துணியால் துடைத்துவிட்டு
ஒஹையோவில் ஒரு குடும்பத்துக்குத்
தமிழ் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா ராய், குழாய் ரிப்பேர்காரர்.
அம்மா டோனா, ஊரார் வீடுகளை விற்றுக்கொடுப்பவள்.
பிள்ளைகள் மூன்று. சாப்பாட்டு மேசைக்கு நாலே நாற்காலி.
ஐந்தாவது வாங்கணும் என்று வாராவாரம் பேசுவார்கள்,
வாங்க மாட்டார்கள்.
யாராவது ஒருத்தர் தட்டோடு நிற்க வேண்டும்.
அதுதான் தொடரின் வேடிக்கை.
தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற எனக்கு
அது விளங்க இரண்டு வாரம் ஆனது.

வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து.
புள்ளி ஓர் எழுத்து, கொம்பு ஓர் எழுத்து
என்று எண்ணுகிறது கணினி,
இலக்கணம் படித்ததில்லை அது.
"ஐ நோ" என்று மூத்தவன் தோளைக் குலுக்கி முடிப்பதற்குள்
"எனக்குத் தெரியும்" வந்து போய்விட வேண்டும்.

டோனா அடுப்பிலிருந்து எடுத்த இறைச்சிப் பாளத்துக்குக்
கோலா உருண்டை என்று எழுதினேன்.
சென்னை அலுவலகத்திலிருந்து சிவப்பில் திரும்பி வந்தது:
"உருண்டையாக இல்லை."
உண்மைதான்.

காது கேளாதவர்களுக்காக,
சிரிப்பொலி வருமிடத்தில் [சிரிப்பு] என்று போடச் சொன்னார்கள்.
முதல் வாரம் நாற்பத்தேழு.
நாலாம் வாரம் முப்பத்தொன்று.
ஆறாம் வாரம் மறுபடி அறுபது:
பந்தி நீண்டுபோன கல்யாணத்தில்
ரசத்தில் யாரோ வெந்நீர் ஊற்றுகிறார்கள்.
எனக்கு அப்போதே சந்தேகம்.

ஒன்பதாவதில்
நடுப்பெண் கேசி நிற்கிறாள், கையில் தட்டு.
"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."
ராய் தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுகிறார்.
"நீ உட்காரு."
நாலு விநாடி யாரும் சிரிக்கவில்லை.
அந்த நாலு விநாடிக்கு என்ன போடுவதென்று
வெகுநேரம் யோசித்து
ஒன்றும் போடாமல் விட்டேன்.
தொடரும்.

மறுநாள் மின்னஞ்சல்: தொடர் நிறுத்தம்.
பத்தாவது எடுக்கவே இல்லையாம்.
எடுத்த ஒன்பதிலும் அங்கே காட்டியது ஆறு.
எனக்கும் ஆறுக்குத்தான் பணம்.
"சிஸ்டர், யாருமே பார்க்காததுக்கு
எப்படி பில் போடுறது?" என்றான் சென்னைப் பையன்.
நான் பார்த்தேன் தம்பி.
அந்த மூன்று வாரத்தைத் தமிழில் வாசித்தவள்
பூமியில் நான் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில்
பழைய கதவும் தூணும் விற்கிற கடைத்தெரு.
வயிரவனுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கும் வேலை,
எனக்கு வேலையில்லை.
எங்களுக்குள் ஆறு நாளாகப் பேச்சுமில்லை.
பங்காளி கடனுக்கு என்னைக் கேட்காமல்
ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

ஒரு கடை வாசலில் பர்மாத் தேக்கு நாற்காலிகள்,
முதுகில் வெயிலோடு.
"ஒண்ணு என்ன விலை?"
"ஒத்தையாத் தர்றதில்லம்மா. செட்டு."
"செட்டுன்னா எத்தனை?"
"நாலுதான் வந்துச்சு."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.
கடைக்காரர் முகம் சுருங்க, கண்ணில் நீர் வரும்வரை
நடுத்தெருவில் நின்று சிரித்தேன்.
வண்டியில் சாய்ந்திருந்த வயிரவன்
என்னவென்று புருவத்தால் கேட்டார்.
பின்னால் ஏறிக்கொண்டு
ராய், டோனா, தட்டு, நாற்காலி என்று
கோட்டையூர் தாண்டியும் சொல்லிக்கொண்டே வந்தேன்.
அவர் ஓர் இடத்திலும் சிரிக்கவில்லை.

பள்ளத்தூரில் வண்டியை ஓரங்கட்டினார்.
இஞ்சின் அணைந்தது. திரும்பிப் பார்க்காமல்,
"அந்தப் பொண்ணு
அப்பங்கிட்ட என்னதான் சொல்ல வந்துச்சு?"

தெரியாது என்றேன்.
கோப்பு அதோடு முடிகிறது.